சலவைக்குறியும் இணையக் கம்பியும்

சேராங்கொட்டை என்னும் விதையை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் இன்னமும் கிடைக்கும். அதன் தோட்டில் கறுத்த பிசுபிசுப்பான நெய் ஒன்று இருக்கிறது. உடம்பில் பட்டால் புண்ணாக்கிவிடும். துணியில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இந்தக் குணத்தை அறிந்து அதையே மையாக்கிக்கொண்டவர்கள் சலவைத் தொழிலாளர்கள். ஐம்பது வீட்டுத் துணிகள் ஒரே மூட்டையாய் ஆற்றங்கரைக்குப் போகும். ஒரே துறையில் வெளுக்கும். ஒரே கொடியில் உலரும். ஆயினும் மாலையில் அவரவர் வேட்டி அவரவர் வீட்டுக்கே திரும்பி வரும். துணியின் ஓரத்தில் இட்ட இரண்டு புள்ளியும் ஒரு கோடுந்தான் அதற்குக் காரணம்.

நம் வீடுகளுக்கு வரும் இணையக் கம்பிகள் பலவற்றிலும் இத்தகைய குறி ஒன்று உண்டு. அதற்கு வி-லேன் குறி என்று பெயர். அது வெறும் ஓர் எண். எண் சரியாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. அது தவறிவிட்டாலோ, கருவியின் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். இணையம் மட்டும் வராது. ஏன் வரவில்லை என்று எவரும் சொல்லவும் மாட்டார்கள். இந்தக் கோளாற்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பிறர் அனுபவமாகச் சொல்லுவதைவிட, என் வீட்டாருக்கு நேர்ந்த ஒன்றையே சொல்லுகிறேன்.

என் தமக்கையின் மகன் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். புதிதாக ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனான். அங்கே தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைய இணைப்பு இருந்தது. முன் இருந்தவர் விட்டுச் சென்ற மோடம் ஒன்றும் இருந்தது. ரூட்டரை அவன் பழைய பொருள் விற்கும் இடத்தில் மலிவாக வாங்கினான். திசைவி என்று தமிழில் எழுதுகிறார்களே, அதுதான் ரூட்டர். வீட்டுக் கருவிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே வாயிற்காப்போனாக நிற்பது அது. மோடம் தொலைபேசிக் கம்பியின் மொழியை ஈதர்நெட் மொழியாக மாற்றித் தருவதோடு சரி.

சொந்த ரூட்டரை வைத்துக்கொள்ள அந்த நாட்டில் உரிமை இருக்கிறது. முன்பு சில நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்று கட்டாயப்படுத்திவந்தன. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம் அதை ஒழித்தது. இணைப்புக்குத் தேவையான விவரங்களை வாடிக்கையாளர் கேளாமலே, கட்டணம் இன்றி, எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆனால் உரிமை கிடைத்தவுடனே பொறுப்பும் கைமாறிவிடுகிறது. நிறுவனத்தின் பெட்டியில் அந்த எண்ணை அவர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள். நம் பெட்டியில் அதை நாம்தான் எழுத வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவன் கைப்பேசியில் அழைத்தான். குரலில் சுரத்தே இல்லை.

"மாமா, திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஆய்வறிக்கையை அனுப்ப வேண்டும். அளவைக் கோப்புகளே மலைபோல் இருக்கின்றன. கைப்பேசி வழியாக அனுப்பிக் கட்டாது. இணையமோ வரவே மாட்டேன் என்கிறது. கடவுச்சொல்லை மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கடிதத்தில் இருப்பது பூஜ்யமா, 'ஓ' என்ற எழுத்தா என்றே புரியவில்லை."

"நிறுவனத்துக்குத் தொலைபேசினாயா?"

"பேசினேன். தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். உங்கள் ரூட்டர் கெட்டுப்போயிருக்கும், எங்களிடம் ஒன்று வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்."

நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதில் முதற்பாதி உண்மை என்பது பிறகு தெரிந்தது.

"கடவுச்சொல்லை இனித் தொடாதே. ரூட்டரின் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது, படி" என்றேன்.

"பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. பக்கம் முழுதும் இதேதான்."

இந்த இரண்டு சொற்களில்தான் வழி இருந்தது. அது ஏன் என்பதை விளக்குவதற்கு முன், கம்பியில் ஓடும் பொதி எத்தகையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கதையைச் சற்று நிறுத்திவைக்கிறேன்.

1973-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரத்திலிருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் என்னும் முறையை எழுத்தில் வடித்தார். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதைக் கட்டியும் காட்டினார். ஆம், நம் தெருமுனையில் நகல் எடுக்கும் கடைக்கெல்லாம் பெயர் தந்த அதே ஜெராக்ஸ்தான். செய்தியைச் சிறு சிறு பொதிகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் விலாசம் எழுதி அனுப்புவது அம்முறை. இன்று வழங்கும் ஈதர்நெட் பொதியில் முதல் 6 பைட்டுகள் சேரவேண்டிய கருவியின் விலாசம். அடுத்த 6 பைட்டுகள் அனுப்பிய கருவியின் விலாசம். அதற்கடுத்த 2 பைட்டுகள் உள்ளே இருப்பது என்ன வகைச் சரக்கு என்று சொல்லும் எண். பிறகு சரக்கு, மிஞ்சிப்போனால் 1500 பைட்டுகள். கடைசி 4 பைட்டுகள் வழியில் ஏதும் சிதைந்ததா என்று சோதிப்பதற்கு. கூட்டிப் பாருங்கள்; 1518 வரும்.

இதில் 'இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பொதி' என்று எழுத இடமே இல்லை. ஒரே கம்பியில் இரண்டு தனித்தனிக் கூட்டத்தார் கலவாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு கம்பி இழுப்பதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்தது. 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் சின்காஸ்கி என்பவர் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். பல ஈதர்நெட் வலைகளைப் பாலங்களால் இணைத்தால், பொதிகள் வட்டமடித்துச் சுற்றாமல் இருக்க, பாதைகளை ஒரு மரத்தின் கிளைகளைப் போல் அமைக்க வேண்டும். அப்படி அமைத்தால் போக்குவரத்து எல்லாம் அடிமரத்தின் அருகே வந்து நெருக்குகிறது. ஒரு மரத்துக்குப் பதில் பல மரங்களை அமைத்து, எந்தப் பொதி எந்த மரத்தின் வழியே போவது என்பதைப் பொதியின்மேலேயே குறித்துவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். சிவப்புப் பொதி, பச்சைப் பொதி என்று நிறம் பூசுவதைப்போல. சேஸ் காட்டன் என்பவரோடு சேர்ந்து 1988 ஜனவரியில் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். நெரிசலைத் தீர்க்கப் பிறந்த யோசனை, பிற்பாடு பிரித்துவைக்கும் யோசனையாக வளர்ந்தது. ஒரே கம்பியில் பல வலைகள் இருப்பதாகப் பாவிக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் வி-லேன் என்று பெயர். 1998-ல் 802.1க்யூ என்ற எண்ணோடு அது பொதுத் தரமாயிற்று.

அந்தத் தரம் செய்தது இவ்வளவுதான்: அனுப்பிய கருவியின் விலாசத்துக்கும் சரக்கின் வகை எண்ணுக்கும் நடுவே 4 பைட்டுகளைச் செருகியது. முதல் இரண்டும் பதினாறடிமானத்தில் 81 00. 'இதோ ஒரு குறி வருகிறது' என்று கட்டியம் கூறுவது அது. அடுத்த இரண்டு பைட்டுகளில் 16 பிட்டுகள் உள்ளன. அவற்றில் 3 பிட்டுகள் பொதியின் முன்னுரிமையைச் சொல்லும். நெரிசலில் முதலில் தள்ளிவிடத்தக்கதா என்று ஒரு பிட்டு சொல்லும். மீதி 12 பிட்டுகளில்தான் வி-லேன் எண் இருக்கிறது. 12 பிட்டுகளால் 0 முதல் 4095 வரை எழுதலாம். 0 என்றால் முன்னுரிமை மட்டும் உண்டு, எண் இல்லை என்று பொருள். 4095 ஒதுக்கப்பட்டது. ஆக நமக்கு வாய்ப்பவை 4094 எண்கள். குறியிட்ட பொதியின் பேரளவு 1522 பைட்டுகள் ஆகிறது. இந்த 4 பைட்டு வளர்ச்சியைப் பழைய சுவிட்சுகள் சில பொறுத்துக்கொள்வதில்லை. அளவுக்கு மீறியதென்று எறிந்துவிடும்.

இணைய நிறுவனங்களுக்கு இந்தக் குறி எதற்கு? வீட்டுக்குள் வரும் ஒரே கம்பியில் இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் வரக்கூடும். தொலைக்காட்சிப் படம் தடங்கலின்றி ஓட வேண்டும். தொலைபேசிக் குரல் தாமதிக்கக் கூடாது. இணையமோ சற்றுப் பொறுக்கும். எனவே மூன்றையும் குறியிட்டுப் பிரிக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நியூஜிலாந்தில் கண்ணாடி இழையைப் பதித்துப் பராமரிக்கும் நிறுவனம் வேறு. அதன் வழியே இணையத்தை விற்கும் நிறுவனங்கள் வேறு. ஒருவருடைய பாதையில் மற்றொருவருடைய சரக்கு போகும்போது குறி தேவைப்படுகிறது. அந்நாட்டில் அந்த இழைகளில் பெரும்பாலும் வழங்கும் எண் 10. ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் கம்பிகளில் இணையத்துக்கு 7. பிரிட்டனில் தொலைபேசிக் கம்பி வழியே வரும் வேக இணைப்புகளில் 101. மலேசியாவில் யூனிஃபை இணைப்பில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. பிரான்சின் ஆரஞ்சு நிறுவனத்துக்கு 832. இவற்றுள் தர்க்கம் எதையும் தேட வேண்டாம். சலவைக்காரர் ஏன் நம் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் அடுத்த வீட்டுக்குச் சிலுவைக் குறியும் இட்டார் என்று கேட்பதைப் போன்றதுதான் அது. இரு தரப்பாரும் ஒரே குறியை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதில்தான் இந்தக் கோளாற்றின் குரூரம் இருக்கிறது. விலாசம் தவறிய கடிதத்தைத் தபால் இலாகா 'விலாசதாரர் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். ஈதர்நெட்டில் அந்த மரியாதை கிடையாது. குறி இல்லாத பொதியோ தவறான குறியுள்ள பொதியோ நிறுவனத்தின் கருவியை அடைந்தால், அது சத்தமில்லாமல் குப்பையில் விழும். நமக்குத் தெரிவிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர். ஆகவே எண் தவறியவன் காண்பது பிழைச் செய்தியை அன்று; மௌனத்தை.

இப்போது ஜெர்மனிக்குத் திரும்புவோம். அந்த இணைப்பில் ரூட்டர் நிறுவனத்தோடு பேசத் தொடங்கும் முறைக்குப் பி.பி.பி.ஓ.ஈ. என்று பெயர். 1999 பிப்ரவரியில் அதன் விதிகள் வெளியாயின. அதில் முதலில் நான்கு வாசகங்கள் உண்டு. ரூட்டர் பொதுவில் கூவும்: "அங்கே யாரேனும் இருக்கிறீர்களா?" நிறுவனத்தின் சேவையகம் சொல்லும்: "நான் இருக்கிறேன்." ரூட்டர்: "அப்படியானால் உம்மோடு பேச விரும்புகிறேன்." சேவையகம்: "சரி, இதோ உமது பேச்சுக்கு ஓர் எண்." இந்த நான்கும் முடிந்த பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். கடவுச்சொல் தவறென்றால் அனுமதி இல்லை என்று தெளிவான பதில் வரும்.

என் மருமகனுக்கு முதல் வாசகத்துக்கே பதில் வரவில்லை. அப்படியானால் அவன் மூன்று விதமாக மாற்றிய கடவுச்சொல் ஒரு தடவையேனும் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை! பூட்டில் சாவி சேரவில்லை என்று மூன்று சாவி செய்தவன், கதவருகே இன்னும் போகவே இல்லை. இதைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால் கம்பிதான் அறுந்திருக்கிறதா, மாமா?" என்றான்.

அதற்கும் சோதனை உண்டு. மோடத்தில் தொலைபேசிக் கம்பிக்கு உரிய விளக்கு நிலையாக எரிந்தது. சிமிட்டிக்கொண்டே இருந்தால் கம்பியில் கோளாறு. நிலையாக எரிந்தால் எதிர் முனையோடு கைகோத்தாயிற்று என்று பொருள். ஆகக் கம்பி நலம். கம்பிக்கு மேலும் கடவுச்சொல்லுக்குக் கீழுமாக எங்கோ பொதி சாகிறது.

இனி ஊகிப்பதில் பயனில்லை. கம்பியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். டிசிபிடம்ப் என்ற ஒட்டுக்கேட்கும் நிரல் அவனுடைய ரூட்டரிலேயே இருந்தது. மேசைக் கணினியில் இதே வேலையை வயர்ஷார்க் என்ற நிரல் செய்யும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. இதில் மாணவர்கள் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. கணினியின் வலையட்டை சில சமயம் குறியைத் தானே கழற்றிவிட்டு உள்ளே அனுப்பும். கம்பியில் குறி இருந்தும் திரையில் தெரியாது. இல்லை என்றே நம்பிவிடுவோம். ரூட்டரிலோ, வெளிவாயிலுக்குப் பௌதிகப் பெயர் ஒன்றும், குறியிட்ட வாயிலுக்கு வேறொரு பெயரும் இருக்கும். இரண்டாவதில் கேட்டால் குறி உரிக்கப்பட்ட பொதிதான் கேட்கும். முதலாவதில்தான் கேட்க வேண்டும்.

அவன் சரியான இடத்தில் கேட்டான். சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒரு பொதி வெளியே போயிற்று. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. இரண்டு விலாசங்களையும் தாண்டியவுடன் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன்.

"88 63."

88 63 என்பது பி.பி.பி.ஓ.ஈ.யின் ஆரம்பப் பேச்சுக்கு உரிய சரக்கு எண். அதற்கு முன் 81 00 இருந்திருக்க வேண்டும், இல்லை. குறியில்லாத துணி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தான். இரண்டாம் பக்கத்தின் அடியில், சட்டம் கேட்டுக்கொண்டபடி, சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: வி-லேன் 7. "நாளை பேசுகிறேன்" என்று வைத்துவிட்டான். காரியம் முடிந்தது என்று நான் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மறுபடியும் அழைப்பு. 7-ஐ எழுதியாயிற்று, பதில் இல்லை. ஒட்டுக்கேட்டதில் பொதி சரியாகவே இருந்தது: 81 00, 00 07, 88 63. பன்னிரண்டு பிட்டில் ஏழு, முன்னுரிமை பூஜ்யம். பிழை ஏதுமில்லை. இருந்தும் மௌனம்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கேட்டேன்: "இந்த எண்ணை எங்கே எழுதினாய்?"

"ரூட்டரில் எழுதினேன். மோடத்தின் அமைப்புப் பக்கத்திலும் அதே கேள்வி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் எழுதினேன்."

'எதற்கும் இருக்கட்டும்' என்று செய்த காரியம் அது. ரூட்டர் ஒரு குறி இட்டது. மோடம் அதன்மேல் இன்னொன்று இட்டது. ஏழுக்குள் ஏழாகப் பொதி போயிற்று. நிறுவனத்தின் கருவி மேல் ஏழை உரித்தது, உள்ளே சரக்கு எண்ணை எதிர்பார்த்த இடத்தில் மறுபடியும் ஒரு குறி, தூக்கி எறிந்தது. ரூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே நின்று கேட்ட நமக்கு, மோடத்தைக் கடந்தபின் நடந்தது கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்று கேட்கிறோமோ அந்த இடம் வரையில்தான் நமக்குச் சாட்சியம். மேலும், இரண்டு இடங்களை ஒரே சமயத்தில் மாற்றினால், ஒன்றின் நன்மையை மற்றொன்று அழித்துவிட்டதா என்பதே தெரியாமல் போகிறது.

குறிமேல் குறி இடுவது எப்போதும் பிழையன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4094 எண்கள் ஒரு வீட்டுக்கோ கல்லூரிக்கோ தாராளம்; ஒரு மாநகருக்குப் போதா. ஆகையால் நிறுவனங்கள் தம் எல்லைக்குள் வாடிக்கையாளரின் குறிக்கு வெளியே தம் குறி ஒன்றை வேண்டுமென்றே இடுகின்றன. 2005-ல் இதற்கும் தரம் வகுத்தார்கள். 4094-ஐ 4094-ஆல் பெருக்கினால் 1,67,60,836 சேர்க்கைகள் வருகின்றன. அது இரு தரப்பும் ஒப்பிச் செய்வது. நம் பையன் செய்தது ஒரு தரப்பு அறியாதது.

மோடத்தில் இட்ட குறியை எடுத்துவிடச் சொன்னேன். அதை மட்டும் செய், வேறெதையும் தொடாதே என்றேன். தொலைபேசியை வைக்காமலே செய்தான். சில விநாடிகள் சென்றன.

"மாமா! அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது!"

பரீட்சையில் தேறியவனைப்போலக் கத்தினான். மறுப்புக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று பக்கத்திலிருந்த என் மனைவி வியந்தாள். ஆனால் அவன் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது. ஒன்றரை நாளாகச் சுவரோடு பேசியவனுக்கு முதன்முதலாக ஒரு மனிதக் குரல் போன்ற பதில் வந்தது. நான்கு வாசகங்களும் நிறைவேறி, கடவுச்சொல் போய்ச் சேர்ந்து, அது தவறென்று திரும்பியது. அவன்தான் பூஜ்யத்தை 'ஓ' என்று மாற்றிவைத்திருந்தானே! கடிதத்தில் உள்ளபடி பூஜ்யமாகவே போட்டான், இணையம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றாவது அழைப்பு. செய்தித்தாள் தெரிகிறது, மின்னஞ்சல் வருகிறது, ஆனால் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஆய்வறிக்கையை ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. சின்னது போகும், பெரியது போகாது என்றால் உடனே அளவைச் சந்தேகிக்க வேண்டும். பொதியின் சரக்கு இடம் 1500 பைட்டுகள் என்றேன். பி.பி.பி.ஓ.ஈ. அதில் 8 பைட்டுகளைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்கிறது, மீதி 1492. வி-லேன் குறியின் 4 பைட்டுகள் இந்தக் கணக்கில் சேரா, ஏனெனில் அவை சரக்குக்கு வெளியே விலாசப் பகுதியில் இருப்பவை. பழைய ரூட்டரில் 1500 என்றே எழுதியிருந்தது. அதை 1492 ஆக்கி, நெடும்பேச்சுகளின் துண்டளவை, இரண்டு தலைப்புகளுக்கான 40 பைட்டுகளைக் கழித்து, 1452-க்குள் அடக்கும்படி செய்தோம். அறிக்கை ஞாயிறு இரவே போய்ச் சேர்ந்தது.

இதே கோளாறு வேறு வேடங்களிலும் வரும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எண் சரியாக இருந்தும், முன்னுரிமைப் பிட்டுகள் காரணமாகச் சில இணைப்புகள் பேச மறுக்கும். பிரான்சின் 832-ஆம் எண் இணைப்பில், விலாசம் கேட்கும் பொதிகளுக்கு முன்னுரிமை 6 என்று இட்டால்தான் பதில் கிடைக்கிறது என்று அங்குள்ளோர் கண்டிருக்கிறார்கள். மலேசியாவில் சொந்த ரூட்டர் வைத்து 500-ஐ மட்டும் எழுதியவர்களுக்கு இணையம் வந்தது, தொலைக்காட்சி வரவில்லை. 600-ஐயும் எழுதி அதைத் தொலைக்காட்சிப் பெட்டி செருகிய வாயிலோடு சேர்த்த பிறகே படம் தெரிந்தது. ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே சுவிட்ச் வைத்தவர்கள், அதன் இரு வாயில்களுக்கும் '7 உண்டு, குறியோடு போகட்டும்' என்று எழுத வேண்டும். ஒரு வாயிலில் குறியோடு என்றும் மறு வாயிலில் குறியின்றி என்றும் எழுதிவிட்டுத் தேடுபவர்கள் அநேகர். இன்னொன்று: இந்தக் குறி பூட்டு அன்று. சேராங்கொட்டைக் குறியை யாரும் இடலாம். வி-லேன் எண்ணையும் யாரும் எழுதலாம். அது பிரிக்கும், மறைக்காது. ரகசியத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அறிக்கை போன மறுவாரம் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். குறியை ஓர் இடத்தில்தான் இட வேண்டும் என்றால், மோடத்தில் இடுவது மேலா, ரூட்டரில் இடுவது மேலா?

இரண்டும் வேலை செய்யும். ஆனால் ரூட்டரில் இடு என்றேன். மோடம் நாளைக்கு மாறும். கண்ணாடி இழை வந்தால் மோடமே வேண்டியிராது, வேறொரு பெட்டி வரும். ரூட்டரில் இட்டால், ஒட்டுக்கேட்கும்போது குறி நம் கண்முன்னே நிற்கும். மோடத்தில் இட்டால் அது நாம் பார்க்க முடியாத பக்கத்தில் போய்விடும். அவன் ஒரு சிறு காகிதத்தில் '7, ரூட்டரில் மட்டும்' என்று எழுதி, அடுத்துக் குடிவருபவருக்காக மோடத்தின் அடியில் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னான்.